மலையடியில் விளையாட ஓரிடம்

நேயர்களில் பலர் பழனிக்கு வந்திருப்பீர்கள். காவடி எடுத்து வந்தவர்கள் இருப்பீர்கள். மொட்டை போட்டுக்கொள்ள வந்தவர்கள் இருப்பீர்கள். பஞ்சாமிர்தத்தை முன்னிட்டு வந்துவிட்டு அதை வெளியே சொல்லாமல் இருப்பவர்களும் சிலர் இருக்கலாம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை ஒரு கையிலும், நான்கு வயதுப் பெண்ணை மற்றொரு கையிலும் பிடித்துக்கொண்டு, "இந்த ஊரில் குழந்தைகள் விளையாட இடம் எங்கே?" என்று விசாரித்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். நமக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது.

உத்தியோக மாற்றத்தின் பேரில் பழனிக்கு வந்து, மலையடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மாடி வீட்டில் குடியேறிய முதல் வாரத்திலேயே நமது குமாரன் இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டான். வீட்டுக்கு முற்றம் கிடையாது, திண்ணை கிடையாது. தெருவிலோ மோட்டார் சைக்கிள்களும், யாத்திரிகர்களை ஏற்றி வரும் வான்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. கூடத்தில் பந்து விளையாடியதில் கீழ் வீட்டுக்காரர் இருமுறை மேலே வந்து, மிகவும் மரியாதையாகக் க்ஷேமம் விசாரித்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை அவர் வருவதற்குள் குழந்தைகளை வெளியே அழைத்துக்கொண்டு போய்விடுவதே விவேகம் என்று தோன்றியது.

யோசித்துப் பார்த்தால், பழனி குழந்தைகளுக்கென்றே ஏற்பட்ட க்ஷேத்திரம். மலைமேல் நிற்பவர் யார்? தாய் தந்தையிடம் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வந்த ஒரு பிள்ளை. உலகத்தைச் சுற்றி வந்தவனுக்குப் பழம் என்றார்கள்; ஒருவன் மயிலேறி மெய்யாகவே சுற்றி வந்தான்; மற்றவன் பெற்றோரைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டான். திரும்பி வந்த சின்னவன் ஆண்டிக் கோலத்தில் இங்கே வந்து நின்றுவிட்டான். "பழம் நீ" என்று சமாதானம் சொன்னதிலிருந்து ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள். இன்னொரு கதையும் உண்டு. அகஸ்தியரின் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கி வந்த இடும்பன், இளைப்பாறுவதற்காக அவற்றை இங்கே இறக்கினான். மறுபடியும் எடுக்கப் பார்த்தால் அசையவில்லை. மேலே நின்ற ஒரு கோவணச் சிறுவன், மலை தன்னுடையதென்று வழக்காடினான். மணற்குவியலின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு, "இது என் மலை, நீ கீழே போ!" என்று கூவுகிற எந்தப் பிள்ளையையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. இடும்பன் மலை இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது; அதைக் காட்டி இந்தக் கதையைச் சொன்னபோது நமது புத்திரி, "அப்புறம் யார் முதலில் விட்டுக் கொடுத்தார்கள்?" என்று கேட்டாள்.

ஆனால் குழந்தை தெய்வமாக நிற்கிற ஊரில், தெய்வமாகாத குழந்தைகளுக்கு ஓடி ஆட இடம் கிடைப்பது அத்தனை சுலபமாயில்லை. முதலில் மலைமேலேயே ஏறினோம். படிகள் 693 என்பது ஊரார் கணக்கு. நமது குமாரன் எண்ணியபோது 702 வந்தது. மறுநாளே திரும்பவும் எண்ண வேண்டுமென்று பிடிவாதம் செய்தான். 1966-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட விஞ்சும், 2004-இல் ஏற்பட்ட ரோப் காரும் இருக்கின்றன. ரோப் காரை ஆகாயத்து ஊஞ்சல் என்று நமது புத்திரி பெயரிட்டிருக்கிறாள். ஆனால் தினந்தோறும் டிக்கட் வாங்கி, கியூவில் நின்று ஊஞ்சலாட நம்முடைய சம்பளமும் இடம் தராது. சந்நிதிக்குப் போகிற ஜனங்களும் இடம் தர மாட்டார்கள்.

ஆகவே ஒரு பூங்காவைக் கண்டுபிடித்தோம். அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறோம். சொன்னால் அதைப் பராமரிப்பவர்கள் வருத்தப்படுவார்கள். சறுக்கு மரம் ஒன்று, இரும்புத் தகட்டினால் ஆனது. நாலு மணி வெயிலில் அதில் ஒருமுறை சறுக்கிய குழந்தை மறுமுறை கேட்காது. சீசாப் பலகைக்கு ஒரு பக்கத்தில்தான் கைப்பிடி. ஊஞ்சல்கள் நான்கில் இரண்டுக்குச் சங்கிலி மட்டும் தொங்கியது. ஒன்றில் எப்போதும் யாராவது ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார். மிச்சமிருந்த ஒரே ஊஞ்சலுக்கு இருபது குழந்தைகள். இத்தனை குறைகளோடும் அந்த இடம் நமது குழந்தைகளுக்கு வைகுண்டமாகவே இருந்தது. சனிக்கிழமை வந்தால் மதியச் சாப்பாடு இறங்குவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அப்படியொரு சனிக்கிழமை நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

அன்று நமது குமாரன் ஊஞ்சலுக்காக வெகு நேரம் வரிசையில் நின்றான். அவன் முறை வந்தது. ஏறி உட்கார்ந்து இரண்டு வீச்சுக்கூட ஆகவில்லை. அதற்குள் தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். பெஞ்சில் அமர்ந்து பரீக்ஷை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நாம், தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புக் கூறினோம்: "சின்னவள்தானே அப்பா, விட்டுக் கொடு." இருபது வருஷமாக வகுப்பில் தீர்ப்புக் கூறிப் பழகிய நாக்கு. அவன் ஒன்றும் பேசவில்லை. மெதுவாக இறங்கினான். தங்கையை ஏற்றி உட்கார வைத்தான். பிள்ளைக்கு எவ்வளவு நல்ல குணம் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டு, அடுத்த விடைத்தாளைப் புரட்டினோம்.

ஐந்து விடைத்தாள்கள் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது, பிள்ளையைக் காணவில்லை.

சறுக்கு மரத்தின் பின்னால் பார்த்தோம், இல்லை. தண்ணீர்க் குழாயடியில் பார்த்தோம், இல்லை. பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். விடைத்தாள்கள் பெஞ்சிலேயே கிடந்தன. வாசலில் பூ விற்கும் அம்மாள், "பையன் என்ன கலர் சட்டைங்க?" என்று கேட்டாள்.

நேயர்களே, அந்த ஒரு கேள்விக்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. தைப்பூசக் காலத்தில் ஒலிபெருக்கியில், காணாமற்போன குழந்தைகளின் அடையாளங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நீலச் சட்டை, சிவப்புக் கவுன், கையில் கறுப்புக் கயிறு என்று. வீட்டு மாடியிலிருந்து அவற்றைக் கேட்டு, "இப்படியும் கவனமில்லாத பெற்றோர்கள் இருக்கிறார்களே!" என்று நாம் அங்கலாய்த்தது உண்டு. இப்போது நம் பிள்ளையின் சட்டை என்ன நிறம் என்று நமக்கே தெரியவில்லை. காலையில் அவனுக்குச் சட்டை மாட்டியது நாம்தான். கணக்கில் சென்ற பரீக்ஷையில் எத்தனை மார்க்கு என்று அந்த அம்மாள் கேட்டிருந்தால், தசம ஸ்தானத்தோடு சொல்லியிருப்போம்.

பஸ் நிலையத்துத் திசையில் ஒருவர் ஓடினார். அவர் யாரென்றுகூட நமக்குத் தெரியாது. நாம் மலையடிவாரத்துப் பக்கமாக ஓடினோம். இடுப்பிலிருந்த பெண் அழுகையை நிறுத்திவிட்டு, "அண்ணன் கோவமாப் போயிட்டான்" என்றாள். "எப்போது பார்த்தாய்?" என்றோம். "நீங்க சொன்னப்பவே" என்றாள்.

கால்மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் இராது. கிரிவீதியில் வந்து சேரும் ஒரு சந்தின் முனையில், கூடையில் வேகவைத்த வேர்க்கடலை வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி நம் கோலத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, புள்ளையத் தேடறீங்களா?" என்று கேட்டு, கையை நீட்டிக் காட்டினாள். அகன்ற கிரிவீதியில் இரண்டு பையன்கள் ஒரு பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி உருட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பாட்டியின் பேரன். மற்றவன் மஞ்சள் சட்டை போட்டிருந்தான். தீபாவளிக்கு நாமே போய் வாங்கி வந்த சட்டை.

திட்ட வேண்டுமென்று வாயைத் திறந்தோம். பாட்டி முந்திக்கொண்டாள். "வையாதீங்க சாமி. பழனிக்கு வந்து கோவிச்சுக்காம வேற எங்க போய்க் கோவிச்சுக்கறது?" என்றாள். பையன் அழுதுகொண்டே வந்தானாம். கடலை கொடுத்து உட்காரவைத்து, எப்படியும் தேடிக்கொண்டு வருவார்கள் என்று பார்வையிலேயே வைத்திருந்தாளாம். காசு கொடுக்கப் போனோம். "கோவிச்சுட்டு வந்த புள்ளைக்குக் குடுத்ததுக்குக் காசு வாங்குவாங்களா?" என்று கையைத் தள்ளிவிட்டாள்.

அந்தப் பாட்டியின் சங்கதியையும் சொல்லத்தான் வேண்டும். முப்பது வருஷமாக அவளுக்குக் கிரிவீதியிலேயே மரத்தடியில் ஒரு சின்னக் கடை இருந்ததாம். கிரிவீதி என்பது மலையைச் சுற்றி வரும் வீதி. பக்தர்கள் வலம் வரும் பாதை. அதில் வரவரக் கடைகள் நெருங்கி, வண்டிகள் நெருங்கி, வலம் வருகிறவர்கள் ஒதுங்கிப் போகும்படி ஆகிவிட்டது. ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்து, 2024-ஆம் வருஷத்தில் ஆக்கிரமிப்புகளை எடுத்துவிட்டார்கள். தனியார் வண்டிகளையும் தடுத்துவிட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்குக் கோயிலாரின் பாட்டரி வண்டிகள் ஓடுகின்றன. வீதி வீதியாயிற்று, பக்தர்களுக்கு நிம்மதி. பாட்டியின் கடை போயிற்று. "கூடையத் தூக்கீட்டு இந்தச் சந்துல நிக்கறனுங்க. முன்ன ஓடுன யாவாரத்துல பாதிகூட இல்லீங்க" என்றாள். ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, "ஆனா ஒண்ணுங்க, பேரனுக்கு ஓடறதுக்கு ரோடு கெடச்சுது. முன்ன இவனை அந்த மரத்துலதான் கட்டிப் போட்டு வெச்சிருப்பேன்" என்றாள். அந்த உத்தரவு நல்லதா கெட்டதா என்று நம்மிடம் கேட்டால், பாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல நமக்குத் தைரியம் போதாது.

அன்று முதல் நமது குழந்தைகளின் விளையாட்டுத் திடல் கிரிவீதிதான். சனிக்கிழமை மட்டுமல்ல, யாத்திரிகர் கூட்டம் குறைந்த எந்தச் சாயங்காலமும். ஊஞ்சல் இல்லை, சறுக்கு மரம் இல்லை, வர்ணமடித்த யானை இல்லை. ஒரு டயர், இரண்டு குச்சிகள், உடைந்த தேங்காய் ஓடு, யாரோ எறிந்துவிட்டுப் போன அட்டைப் பெட்டி. அந்த அட்டைப் பெட்டி ஒரு நாள் ரோப் காராக இருந்தது. மறுநாள் இடும்பன் காவடியில் ஒரு மலையாக மாறிற்று. தரையில் கரிக்கட்டியால் கோடு போட்டுப் பெண் குழந்தைகள் பாண்டி ஆடுகிறார்கள். ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து காற்று கிளம்பிவிட்டால், டயரைத் தட்டக்கூட வேண்டாம். அது தானே ஓடும், பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள்.

இந்த விஷயத்தில் பழனிக் குழந்தைகளும் ஐரோப்பியக் குழந்தைகளும் ஒரே ஜாதி என்று தோன்றுகிறது. டென்மார்க்கு தேசத்தில் ஸாரென்ஸன் என்ற ஒரு தோட்ட நிபுணர் இருந்தார். அழகழகான விளையாட்டுத் திடல்களை அமைத்துக் கொடுத்தவர். குழந்தைகள் அவற்றை விட்டுவிட்டு, வீடு கட்டுமிடத்துச் செங்கல், பலகை, குப்பைகளுக்கு நடுவில் போய் விளையாடுவதைக் கவனித்தார். 1943-இல், அந்த நாடு ஜெர்மனியின் பிடியில் சிக்கியிருந்தபோது, கோபன்ஹேகனை அடுத்த எம்ட்ரூப்பில், வெறும் பழம் பலகையும் பழைய சாமான்களுமாக ஒரு திடல் ஏற்படுத்தினார்கள். குழந்தைகள் அங்கே தாங்களே கட்டினார்கள், தாங்களே இடித்தார்கள். பிற்பாடு வேறு பல தேசங்கள் அதைப் பார்த்துக் காப்பியடித்தன. பாட்டியின் பேரனிடம் இதைச் சொன்னபோது, "அங்கயும் டயர் இருந்துச்சுங்களா?" என்று கேட்டான்.

மே மாத விடுமுறையில் குடும்ப சமேதராய்க் கோடைக்கானலுக்குப் புறப்பட்டோம். 2024 மே மாதம் முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்க வேண்டுமென்று ஏற்பாடாகியிருக்கிறது. சர்க்கார் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பழனியிலிருந்து மலைப்பாதை சுமார் 65 கிலோமீட்டர். வளைவுகளைப் பற்றி வர்ணிக்கலாம். ஆனால் வளைவுகளின்போது நமது புத்திரியின் வாயருகே பையைப் பிடித்துக்கொண்டிருந்தபடியால், இயற்கைக் காட்சிகளை நாம் சரியாகக் கவனிக்கவில்லை.

கோடைக்கானலும் ஒரு விதத்தில் குழந்தைகளின் பொருட்டு ஏற்பட்ட ஊர்தான். மதுரைச் சீமையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், கீழ்நாட்டுக் காய்ச்சலுக்கும் வாந்தி பேதிக்கும் தங்களைச் சேர்ந்தவர்களைப் பறிகொடுத்துவிட்டு, மிஞ்சியவர்களையாவது காப்பாற்றலாமென்று 1845-இல் ஏழாயிரம் அடி உயரத்தில் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். 1901-இல் அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அது இன்று சர்வதேசப் பள்ளியாக இருக்கிறது. மோட்டார் பாதை திறக்கப்படும் வரையில், பெரியகுளத்துப் பக்கம் அடிவாரத்திலிருந்து வெள்ளைக்காரத் துரைமாரையும், துரைசானிகளையும், அவர்கள் குழந்தைகளையும் டோலியிலும் நாற்காலியிலும் சுமந்து மேலே ஏற்றியவர்கள் நம் ஜனங்கள். துரைகளின் பெயர்கள் எல்லாம் ஊரில் நிலைத்திருக்கின்றன. ஏரியை 1863-இல் உண்டாக்கியவர் லெவிஞ்சு, நடைபாதைக்குக் கோக்கர், 1908-இல் ஏற்பட்ட பூங்காவுக்குப் பிரையண்டு. டோலி தூக்கியவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்கள் எங்கே விளையாடினார்கள் என்று நாம் பார்த்த புத்தகம் எதிலும் எழுதியிருக்கவில்லை.

பிரையண்டு பூங்கா பார்ப்பதற்கு ரம்மியமாகத்தான் இருக்கிறது. ரோஜாக்களும், கண்ணாடி வீட்டுச் செடிகளும் நமது இல்லத்தரசியை ஒரு மணி நேரம் கட்டிப் போட்டுவிட்டன. குழந்தைகளுக்கோ, தொடக்கூடாத அழகில் பத்து நிமிஷத்துக்கு மேல் சிரத்தை இருப்பதில்லை. ஊரில் வேறோரிடத்தில் விளையாட்டுச் சாமான்கள் வைத்த ஒரு சிறு திடலைத் தேடிப் போனோம், கதவில் பூட்டு. கம்பிகளுக்கு வெளியே, சுற்றுலா வண்டிக்காரர்களின் பிள்ளைகளோ, சோளக்கதிர் விற்பவர்களின் பிள்ளைகளோ, நாலு பேர் அந்தப் பூட்டையே ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நமது குமாரனும் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொண்டான். பூட்டுக்கும் அதனால் சிறிது பிரயோஜனம் ஏற்பட்டது.

மறுநாள் ஏரியைச் சுற்றி நடப்பதென்று தீர்மானம். சுற்றளவு சுமார் ஐந்து கிலோமீட்டர். நட்சத்திரம் போலக் கைகளை நீட்டிக்கொண்டிருக்கும் ஏரியாதலால், ஒவ்வொரு வளைவிலும் கரை முடிந்துவிட்டதாகத் தோன்றி, மறுபடியும் ஆரம்பிக்கும். சைக்கிளும் குதிரையும் வாடகைக்குக் கிடைக்கின்றன. நாம் காலையில் கிளம்பும்போதே ஒரு சங்கற்பம் செய்துகொண்டோம்: அன்று முழுவதும் "சீக்கிரம் வா" என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. பழனிச் சனிக்கிழமை நம்மை அவ்வளவுக்குப் பயமுறுத்தியிருந்தது.

நமது புத்திரி நடந்த விதத்தைக் கேளுங்கள். பத்தடி நடந்தாள். ஒரு காய்ந்த இலையைக் கண்டாள். குந்தி உட்கார்ந்து, அதைத் திருப்பி, முதுகைப் பார்த்தாள். எழுந்து ஆறடி நடந்தாள். குதிரை போட்ட சாணத்தைக் கண்டு, குதிரை என்ன சாப்பிட்டிருக்கும் என்று விசாரணை நடத்தினாள். திரும்பி நாலடி பின்னால் நடந்தாள், முதல் இலையை மறந்துவிட்டபடியால். தண்ணீரோரத்தில் குமிழி வந்தது, அடுத்த குமிழிக்காகக் காத்திருந்தோம், அது வரவேயில்லை, ஆனாலும் காத்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் இரண்டு பர்லாங்கு ஆயிற்று. "சீக்கிரம் வா" என்ற வார்த்தை தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவே எத்தனை முறை வந்து திரும்பிற்று என்பதை முருகன்தான் அறிவான். ஆனால் ஒரு ஆச்சரியம். வழக்கமாக நூறடிக்குள் "தூக்கு" என்று கையை நீட்டும் அந்தக் குழந்தை, அன்று மத்தியானம் வரையில் ஒருமுறைகூடத் தூக்கச் சொல்லவில்லை. பாதிச் சுற்றுக்குமேல் தன் காலாலேயே வந்துவிட்டாள்.

இதை நாம் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். இதே மலையில் வசித்த ஒரு மூதாட்டி இதை எழுதியிருக்கிறார். மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலிய தேசத்தவர்; வைத்தியம் படித்தவர்; பிற்பாடு குழந்தைக் கல்விக்கென்றே ஆயுளைக் கொடுத்தவர். மகாத்மா காந்தி 1931-இல் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்தபோது அந்த அம்மையாரைச் சந்தித்து, அவருடைய ஆசிரியப் பயிற்சிக் கழகத்தில் பேசியும் இருக்கிறார். 1939-இல் பிரம்மஞான சபையார் அழைப்பின் பேரில், அம்மையார் தம் குமாரர் மாரியோவுடன் அடையாற்றுக்கு வந்தார். சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்புவதாக உத்தேசம். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், பிரிட்டிஷ் சர்க்கார் அவர்களை எதிரி நாட்டாராக்கிவிட்டார்கள். மகனைக் காவலில் வைத்தார்கள். எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த தாயாரை அடையாற்றை விட்டு நகரக் கூடாதென்றார்கள். ஒரு சாம்ராஜ்யம் குழந்தைகளின் உபாத்தியாயினி ஒருத்தியைக் கண்டு இப்படிப் பயந்தது நமக்கு ஒரு பெருமைதான். அந்த ஆகஸ்டு 31-ஆம் தேதி, அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளில், மகனை விட்டுவிட்டார்கள். 1942 முதல் 1944 வரையில் அவர்கள் கோடைக்கானலில் வாசம் செய்தார்கள். பல பிராயத்துக் குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, மலையிலுள்ள செடி கொடிகளையும் ஜீவராசிகளையும் காட்டியே பாடம் நடத்தினார்கள். 1949-இல் சென்னையில் வெளியான அவருடைய புத்தகம் ஒன்றில், சின்னக் குழந்தையின் நடையைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரியவர்கள் போய்ச் சேருவதற்காக நடக்கிறார்கள். குழந்தை நடப்பதற்காக நடக்கிறது. அதன் வேகத்துக்கு நாம் ஒத்துப்போனால், இரண்டு வயதுக் குழந்தைகூட நம்ப முடியாத தூரம் நடக்கும் என்பது அதன் கருத்து. ஆசிரியப் பயிற்சியில் இதைப் படித்து, பரீக்ஷையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தோம். இலையைத் திருப்பிப் பார்த்தது அன்றுதான்.

குறிஞ்சியாண்டவர் கோயிலுக்கும் போனோம். இலங்கைப் பிரமுகர் ஸர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியார், ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவராக வாழ்ந்த அம்மையார், 1936-இல் எழுப்பிய கோயில். மேகம் இல்லாத வேளையில் இங்கிருந்து பழனி தெரியும். நமக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அரைமணி நேரம் மேகம் விலகிற்று. வெகு கீழே, வெயிலில், கடுகளவில் ஒரு குன்று. "அதுதான் நம் மலை" என்றோம். "நம் வீதி எங்கே?" என்றான் குமாரன். வீதி தெரியவில்லை. "டயரை எடுத்து உள்ளே வைத்திருப்பானா?" என்று பாட்டியின் பேரனைப் பற்றிக் கவலைப்பட்டான்.

அங்கேதான் குறிஞ்சிப் பூவைப் பற்றிச் சொன்னோம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலைச்சரிவெல்லாம் நீலமாகப் பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்க வேண்டும். பிள்ளை விரலை மடக்கி எண்ணினான். "அப்போது நான் பெரியவனாகிவிடுவேன். அப்போதும் என்னை விளையாட விடுவீர்களா?" என்று கேட்டான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நம் தேசத்தில் சாயங்காலம் எங்கே இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். டியூஷனில் இருக்கிறார்கள், அல்லது நாம் கொடுத்த வீட்டுக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. குழந்தைக்கு விளையாட உரிமை உண்டென்ற உலக உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவையெல்லாம் தெரிந்த நாம், சென்ற வருஷம் விளையாட்டுப் பீரியடை எத்தனை முறை கணக்குக்காகக் கடன் வாங்கினோம் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தோம். கடனை ஒருமுறையும் திருப்பிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. பிள்ளைக்கு, "விடுகிறோம்" என்று பதில் சொன்னோம். "எழுதிக் கொடுங்கள்" என்றான். எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

திரும்புவதற்கு முதல் நாள் பூம்பாறைக்குப் போனோம். படிப்படியான வயல்களும், வெள்ளைப் பூண்டும், குழந்தை வேலப்பர் கோயிலுமுள்ள ஊர். இங்கேயும் சுவாமி குழந்தைதான். கோயில் முன் வெளியில் ஊர்ப் பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நமது குமாரன் பேர்கூடக் கேட்காமல் போய்ச் சேர்ந்தான். ஒரு புள் நம் தோளில் வந்து பட்டது. "மன்னிச்சுக்குங்க சார்" என்று ஒரு சிறுவன் வந்து எடுத்துக்கொண்டு போனான். நம் முகத்தில் உபாத்தியாயர் என்று எழுதியிருக்கிறது போலும். மலை மேலும் அது அழியவில்லை.

இப்போது ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. நேற்றுச் சாயங்காலமும் கிரிவீதிக்குப் போயிருந்தோம். விடைத்தாள் எடுத்துப் போகவில்லை. பாட்டி சந்து முனையில்தான் இருந்தாள், கடலை வாங்கினோம், இந்தத் தடவை காசை வாங்கிக்கொண்டாள். டயர் ஒன்றுதான், பிள்ளைகள் மூன்று பேர். யாருக்கு முதலில் என்று சண்டை வந்தது. மூவரும் ஒருசேர நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். நாம் கடலைத் தோலை உரிப்பதில் மிகவும் கவனமாயிருந்தோம். கொஞ்ச நேரம் கூச்சலிட்டுவிட்டு, அவர்களே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: ஒருவர் ஓட, மற்றவர் இருபது வரை எண்ண வேண்டியது, இருபது ஆனதும் டயர் கைமாற வேண்டியது. எண்ணுகிற உத்தியோகம் நமது புத்திரிக்குக் கிடைத்தது. அவள் கணக்கில் பன்னிரண்டுக்கு அடுத்தது பதினைந்து. அண்ணன் ஓடினாலும் அப்படித்தான், பாட்டியின் பேரன் ஓடினாலும் அப்படித்தான். அவள் முறை வந்தபோது மட்டும் பன்னிரண்டுக்கு அடுத்து மறுபடியும் எட்டு வந்தது. கணக்கு வாத்தியாராகிய நாம் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மலைமேல் விளக்குகள் ஏற்றினார்கள். தூரத்தில் ஒலிபெருக்கி கரகரத்து, ஐந்து வயதுச் சிறுவனொருவனை அவன் பெற்றோர் தேடுவதாகவும், அவன் சிவப்புச் சட்டை அணிந்திருப்பதாகவும் சொல்லிற்று. பாட்டி கடலைக் கூடையை மூடிவிட்டு எழுந்து, சந்தின் இரு பக்கமும் பார்த்தாள். நாமும் எழுந்தோம். பிள்ளைக்கு ஊதாச் சட்டை; பெண்ணுக்குப் பச்சைப் பாவாடை; பாட்டியின் பேரனுக்கு மேலே சட்டையே இல்லை, காக்கி நிஜார். மூவரையும் அங்கேயே இருக்கும்படி சொல்லிவிட்டு, சிவப்புச் சட்டையைத் தேடிப் பாட்டி ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாக நடந்தோம்.